மருதையின் விரதங்கள்

...அப்படியானால் தப்பு தன் மேல் இல்லை, மடியில் கிடக்கும் இந்தப் பெரிய உறைக்குள் இருக்கிறது, பக்கத்துத் தீவான ரியூனியன் வரை விமானமேறிப் போய் எடுத்துவந்த மூளைப் படத்தில், டாக்டர் ஆன்றி பேனா நுனியால் தொட்டுக் காட்டினாரே, வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள், இங்கே, இங்கே, இதோ இங்கேயும்... நரம்பின் மேலுறை உரிந்த இடங்களாம், கால் மரத்துப்போவதும் அதனால்தானாம், அப்புறம் குரலைத் தாழ்த்தி, படுக்கையில் முடியாமல் போனதும் அதனால்தான் இருக்கும் என்றார். ஆசை இருக்கும், மூளை உத்தரவும் போடும், உத்தரவு போய்ச் சேராது. பீனிக்ஸ் தையல் ஆலையில் மெஷின் பழுது பார்க்கிற மருதைக்கு இது புரியாதா என்ன? வயரை எலி கடித்திருந்தால் மெஷின் ஓடாது, அதற்காக மெஷினை யாராவது திட்டுவார்களா? அவன் திட்டினானே, மூன்று வருஷமாகத் தன்னைத்தானே, நாற்பது வயதிலேயே ஆம்பிளை இல்லாமல் போய்விட்டோமே என்று... அடுத்த தடவை மனைவியையும் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். லேசாகச் சொல்லிவிட்டார். பாக்கியத்திடம் எந்த வாயால் சொல்வது?

பஸ் காத்ர் போர்னைத் தாண்டிவிட்டது, சேன் பியேர் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்... முருகனைக் காட்டி இத்தனை நாள் உன்னை ஏமாற்றினேன் என்றா சொல்வது? தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் காப்பு, பாய் தனி, அது முடிந்தால் சித்திரைக் காவடி, புரட்டாசி, கார்த்திகை, தீமிதி, நடுவில் இடைவெளி விழுந்தால் புதிதாக ஒரு நேர்த்திக்கடன். கோவிலில் பக்திமான் என்று பேர் வேறு, வெட்கக்கேடு! அவளும் முகம் சுளிக்காமல் சைவமாகச் சமைத்துப் போட்டாள். போன வருஷம் ஒரு தடவை மட்டும் மாட்டிக்கொண்டான். காப்பு அவிழ்த்தாயிற்று, அடுத்த விரதம் எதுவும் கைவசம் இல்லை, கட்டில் ஓரம் உட்கார்ந்து பொய் தேடிக்கொண்டிருந்தான், அவளே பாயை எடுத்து விரித்தாள்.

"மோ ஓசி மோ ஆன் காரேம்," என்றாள் கிரியோலில், எனக்கும் விரதம்தான் என்று.

அப்பாடா என்று படுத்தவன்தான்... என்ன விரதம் என்று ஒரு வார்த்தை கேட்டானா? கண்டக்டர் சேன் பியேர் என்று குரல் கொடுக்கிறார், இறங்கவேண்டும், மருதை எழுந்திருக்கவில்லை, கால் மரத்ததால் அல்ல. அப்படிப் பாய் விரித்த மறுநாள் மத்தியானம் பாக்கியம் அவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், அவள் தட்டில் மீன் இருந்தது, பார்த்தானே, பார்த்தும்... மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு அவள் எந்தச் சாமிக்கு விரதம் இருந்தாள்?