நெற்றிக் கோடு

ஹட்டன் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. 2003இல் பஸாரில் அந்த வேலையை இந்த ஹம்சினியைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை என்ற திமிரும் என்னுடையதுதான்.

அன்று மத்தியானம் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அழகனும் தங்கை வீரம்மாவும் வந்தார்கள். அவர்கள் அம்மா நாகலெட்சுமிக்கு மறுநாள் காலை கருமாதி. இருந்த ஒரே படம் தோட்டத்தில் எடுத்த குரூப் போட்டோ. அதில் முகம் நகத்தளவு. மாலை போடப் பெரிய படம் வேண்டும், கடைசி பஸ் நாலரைக்கு.

ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். தாடை, காது, முந்தானை எல்லாம் ரம்பப் பல்லாய்த் தெரிந்தன. மவுஸைப் பிடித்து ஒவ்வொரு ஓரமாக மழுக்கினேன். நெற்றியின் குறுக்கே கோணல்மாணலாக ஒரு கோடு. சனியன், ஸ்கேனர் கீறல் என்று அதையும் துடைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு அச்சடித்துக் கொடுத்தேன். அழகன் உற்றுப் பார்த்தான்.

"இது எங்கம்மா இல்லீங்க மிஸ்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன விளையாடுறீங்களோ? நீங்கள் தந்த படம்தான் இது!"

"கூடைக் கயிறு பதிஞ்ச கோடு எங்கங்க? முப்பது வருசம் கொழுந்துக் கூடைய நெத்தியில மாட்டிச் சொமந்தவங்க."

வெட்கத்தில் காது சுட்டது. ஸ்கேனை மறுபடி திறந்தேன். பெரிதாக்கினால் கோடு கட்டங்கட்டமாக உடைந்தது. எங்கே தொடங்குகிறது, எவ்வளவு ஆழம், ஒன்றும் தெரியவில்லை. மணி நாலு பத்து. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் கண் சிமிட்டியது. ஐயோ, போய்த் தொலையாதே என்று கும்பிட்டேன்.

வீரம்மா தலைத்துண்டை அவிழ்த்தாள். அவள் நெற்றியிலும் அதே பள்ளம்.

"என்னயப் பாத்துப் போடுங்க மிஸ். அம்மாவுக்கும் இதே எடந்தாங்க."

"உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்திரெண்டுங்க."

அவளைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். காதோர ரம்பப் பற்களை மறுபடி மழுக்க நேரமில்லை, அப்படியே விட்டேன். பிரிண்டர் நத்தையாக ஊர்ந்தது.

தாளை வாங்கிய வீரம்மா, "யம்மா!" என்று அலறி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செத்தன்னிக்குக்கூட இவ அழலீங்க மிஸ்" என்றான் அழகன்.

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானே தெருவில் இறங்கி ஓடி, பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன்.