எமில்டா வீட்டுக்கு வந்த திசைகள்

கடந்த மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரத்திலிருந்து மறுநாள் மதியம் வரை மல்வேர்ன் புறநகரில் திசைகள் இருக்கவில்லை. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு நான்கும் எமில்டா செல்வரட்ணத்தின் ஹோலில் இருந்தன. அழைத்தது அவருடைய மகள் மெலிசா. இயற்கைச் சக்திகளை அழைத்து வணங்கும் விக்கா வழிபாட்டைப் பல்கலைக்கழகத் தோழிகளிடம் கற்றுக்கொண்டவள், பெற்றோர் பூசைக்குப் போன நேரம் பார்த்துக் கார்பெட்டில் உப்பால் வட்டம் போட்டு, மூலைக்கொரு மெழுகுதிரி கொளுத்தி, கிழக்கில் தொடங்கி ஒவ்வொரு திசையாக மரியாதையோடு வரவேற்றாள். அப்படித் திறந்த இடத்தை, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, வடக்கில் தொடங்கி மறுவளமாக வழியனுப்பித்தான் மூட வேண்டும். அன்று பார்த்துப் பாதரின் பிரசங்கம் சுருக்கமாக முடிந்துவிட்டது. வாசலில் கார்ச் சத்தம் கேட்டதும் மெலிசா திரிகளை ஊதி அணைத்தாள், உப்பை வக்கியூம் கிளீனரால் இழுத்தாள், வழியனுப்ப மறந்தாள்.

வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். கிழக்கு மூலையில் காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தெற்கில் நல்ல வெயில். மேற்கில் தூறியது; தன் சோபாவை விட்டுக்கொடுக்க மனமில்லாத கணவர் செல்வரட்ணம் குடை பிடித்துக்கொண்டு செய்தி பார்த்தார். வடக்கில் கார்பெட்டுக்கு மேல் மண் குவிந்து புல் முளைத்தது. பிசாசு வேலை என்று எமில்டா தீர்த்தம் தெளித்தார். புல் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

வெளியே பஸ்கள் புறப்பட்ட தரிப்பிடத்துக்கே திரும்பி வந்தன. வாத்துகள் வானத்தில் கூடிக் கதைத்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இறங்கின. எமில்டாவுக்கு இதெல்லாம் ஒரு விசயமே இல்லை. கல்கரியில் வேலை செய்யும் மகன் ஜோசுவா, வருசக்கணக்காக வீட்டுப் பக்கம் வராதவன், இரண்டு நாள் லீவில் எயார்போட்டில் வந்து இறங்கி, வாடகைக் காரில் வீடு தேடிக்கொண்டிருந்தான். ஞாயிறு காலை அவன் வீட்டுக்குப் போன் எடுத்தான்.

“அம்மா, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கோப்பிக் கடைதான் வருது. லீவு முழுக்க இஞ்சையே முடிஞ்சிடும் போல.”

எமில்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மகனுக்கென்று காய்ச்சிய கணவாய்க் கறி ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மெலிசா உண்மையைச் சொன்னாள்.

“சொறி அம்மா. நான்தான் அவையைக் கூப்பிட்டனான். அனுப்பிவிட மறந்திட்டன்.”

“அப்ப இப்ப அனுப்பன், பிள்ளை!”

மெலிசா வடக்கில் தொடங்கி ஆங்கிலத்தில் முறைப்படி விடைகொடுத்தாள். ஒருவரும் அசையவில்லை. எமில்டா யோசித்துப் பார்த்தார். நேற்றிலிருந்து இருக்கிறார்கள், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. மானமுள்ள ஆட்கள் எப்படி எழும்பிப் போவார்கள்? இஞ்சி போட்ட தேத்தண்ணியை மூலைக்கொரு கோப்பையாக வைத்தார். மூன்று கோப்பைகள் காலியாயின. வடக்குக்கு மட்டும் சீனி போதவில்லை. இன்னொரு கரண்டி போட்டதும் அதுவும் குடித்தது. வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று வரிசையாக வாசலைத் தாண்டியபோது, எந்த விருந்தாளிக்கும் சொல்வதுபோல் எமில்டா, “போட்டு வாங்கோ” என்றார்.

மெலிசா தலையில் கைவைத்தாள். “அம்மா! திரும்பி வரச் சொல்லக்கூடாது!”

“வீட்டுக்கு வந்தவையைப் போங்கோ எண்டு என்னெண்டடி சொல்லுறது?”

கொஞ்ச நேரத்தில் ஜோசுவாவின் கார் வாசலுக்கு வந்தது. அவன் கதவைச் சாத்தமுன்னமே எமில்டா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். அந்தச் சந்தோசம் அவருக்கு இன்னும் குறையவில்லை.

திசைகளும் சொன்னபடி மாதா மாதம் வருகின்றன. மல்வேர்ன் பழகிவிட்டது. அந்த நேரத்துக்குப் பஸ் சாரதிகள் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார்கள். மெலிசா வட்டத்தைத் திறக்கிறாள், எமில்டா தேத்தண்ணி ஊற்றுகிறார், மெலிசா மூடுகிறாள். ஜோசுவாவும் இப்போது அடிக்கடி வருகிறான். அவன் திரும்பிப் போகும் நாளாகப் பார்த்துத்தான் எமில்டா மகளைக்கொண்டு திசைகளை அழைப்பிக்கிறார். கோப்பைகள் காலியாகும்போது, “என்ன அவசரம்? இன்னொண்டு குடியுங்கோ” என்று நிரப்புகிறார். அவர்கள் ஆறுதலாக இருந்து குடிக்கிறார்கள். எயார்போட் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாததால், ஜோசுவா சப்பாத்தைக் கழற்றிவிட்டு மறுபடியும் சாப்பிட உட்காருகிறான்.