பேர் இல்லாத அன்னக்கூடை

1

அம்மாவுக்கு கான்டீன் ஆர்டர் கிடைத்த அன்று எங்கள் தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. அம்மா எல்லோருக்கும் கேசரி கிளறிக் கொடுத்தாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். இந்தக் கதை அந்தப் பொய்யிலிருந்து வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தடைகளைத் தகர்த்தெறிந்து வெற்றிக்கொடி நாட்டிய சுகிர்தா அவர்கள்' – அடித்துவிட்டேன். சபை ஆண்டுவிழா மலர் மாதிரி இருக்கிறது.

மறுபடியும்: 'ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, தொழிற்பேட்டையின் ஒவ்வொரு கேட்டிலும்' – இதுவும் நின்றுபோனது. ஆனால் உண்மை. அப்பா இறந்தபின் கான்டீன் ஆர்டர் கேட்டு அம்மா அப்படித்தான் அலைந்தாள். கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். சமையல் லைசென்ஸுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. நான் பத்தாவதோடு நின்று வெங்காயம் உரித்தேன். (இதை விரிக்கப்போவதில்லை. இது அம்மாவின் கதை.) கடைசியில் ஒரு இரும்புக் கம்பெனி, ஒரு நாள் சமைத்துக் காட்டச் சொன்னது.

3

அந்தக் கம்பெனியின் கான்டீன் பொறுப்பாளர் தணிகைவேல் சார். அவரைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். காரக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு விரலை நக்கியவரை எப்படிக் கெட்டவராக்குவது?

சாப்பிட்டு எழுந்தவர், சோறு இருந்த அன்னக்கூடையின் விளிம்பைப் பார்த்தார். புள்ளி புள்ளியாக வெட்டிய சிறிய சிலுவை, பக்கத்தில் 'மோ. சுகிர்தா'. அம்மாவின் கல்யாணப் பாத்திரம்.

"காலனியாம்மா நீ?"

"ஆமா சார்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு தபா போட்டுக்கினேன், நீயே பாத்த. ஆனா இங்க லைன்ல நிக்கிறவன்ல பாதி உங்க ஊர்த்தெருக்காரன். பேரப் பாத்தா ஆரு ஊட்டுச் சோறுன்னு தெரிஞ்சுடும். ஒருத்தன் தட்டைக் கவுத்தா, மொத்த லைனும் கவுத்துடும்."

அம்மா அன்னக்கூடையை மூடினாள்.

"உனக்கு அரிசி குடுக்குறாங்களே திலகவதி அம்மா, ஊருக்குள்ள. அவங்க பேர்ல எடு. நீயே ஆக்கு."

"அவங்க அரிசி விக்கிறாங்க சார். ஆக்கறது நானு."

"அப்ப இன்னா பண்லான்ற?"

[இங்கே அம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறியதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன்.]

"யாரு பேரும் வேணாம் சார். பாத்திரத்துல இருக்கறத எடுத்துடறேன். பில்லு மட்டும் என் பேர்ல. பேங்க்கு எந்தத் தெருன்னு கேக்காது. வாரா வாரம் செட்டில் பண்ணிடணும். வண்டிய உள்ள உடணும்."

தணிகைவேல் சார் சிரித்துவிட்டார். "நீ எங்க பர்ச்சேஸ்ல வந்து குந்திக்கம்மா."

அவ்வளவுதான். பேரம் முடிந்தது. அம்மா கேட்டதெல்லாம் கிடைத்தது.

4

கும்மிடிப்பூண்டி பஜார். பாத்திரக்கடை சுப்பிரமணி அன்னக்கூடையைத் தட்டிப் பார்த்தான்.

"பேர எடுக்கணுமா? இன்னாக்கா, திருட்டு மாலா?"

"என்னுதுதான்."

"உன்னுதுன்னா எதுக்கு எடுக்குற?"

அம்மா தேய்க்கிற மெஷினைக் காட்டினாள். பொறி பறந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேய்த்த இடம் மட்டும் புதுசாக மின்னியது. அம்மா அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே ரயிலில் வந்தாள். அன்று சாயங்காலம்தான் கேசரி.

5

முடிவு ஒன்று: தொழிலாளர்கள் எல்லோரும் அம்மாவின் பெயரைக் கேட்டுக் கைதட்டுகிறார்கள். (சினிமா.)

முடிவு இரண்டு: யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மா வயதாகி ஓயும்வரை அங்கே சமைக்கிறாள். (இப்படித்தான் நடக்கும். என்னால் எழுத முடியவில்லை.)

முடிவு மூன்று: திங்கட்கிழமை. நான் சோறு போடுகிறேன். வரிசையில் ஒருவர், "நல்லாக்கீதே, ஆரு சமையல்மா?" என்கிறார். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருக்கிறாள். என்னை அவள் பார்க்கவில்லை. நான் –

அந்த ஒருவருக்கு முகம் வைக்கப் பார்த்தேன். வரவில்லை. அதனால் நீங்கள் வந்து நில்லுங்கள். தட்டை நீட்டுங்கள். கேளுங்கள். எனக்கு ஆட்களிடம் பேச வராது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: எங்கம்மா சமையல். பேரு சுகிர்தா. ஆரம்பாக்கம் காலனி.

கரண்டி நிறையச் சோறு. என் கை அப்படியே நிற்கிறது.

உங்கள் தட்டு?