குறை சொல்லி வாங்கிய விமானம்

...இறக்கையாம் இறக்கை, துணிதானே, வார்னிஷ் குடித்து விறைத்துப்போன துணி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகப் போய் நிமிண்டிப் பார்த்துவிட்டன, பிறந்ததிலிருந்து சேலை வாங்கி விற்கிற கை, வேறு என்ன செய்யும்? எஞ்சினைப் பார், எண்ணெயைப் பார் என்று மதராஸ் பிளையிங் கிளப் வாத்தியார் தொண்டை கிழியக் கத்தி எனக்குப் பைலட் லைசென்ஸ் கொடுத்தார், நானோ முதன்முதலாக ஒரு விமானம் விலைக்கு வாங்க வந்த இடத்தில் முந்தியைத் தேடுகிறேன்... நல்லவேளை, வில்லாபுரத்துக்குத் தெற்கே இந்தப் பொட்டலில் ஆடுகளைத் தவிர பார்க்க ஆளில்லை. ரங்கநாயகி இருக்கிறாள். பார்த்துவிட்டாள், சிரிப்பை அடக்குகிறாள், கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து அடக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். விற்கிறவன் வெள்ளைத்துரை, திருமங்கலத்தில் பருத்தி ஆலை வைத்திருக்கிறான், இந்தப் பங்குனிப் புழுக்கத்தில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, பெற்றவர்கள் வைத்த பெயரை நம்பிவிட்டான் போலிருக்கிறது. யுத்தம் முடிந்து சர்க்கார் ஏலத்தில் தள்ளியதை எடுத்தானாம், கொஞ்ச நாள் பறந்தானாம், அலுத்துவிட்டதாம். விமானம் அலுக்குமா? வீட்டில் பெண்டாட்டிக்குச் சொல்கிற காரணம் மாதிரி அல்லவா இருக்கிறது... சரி, நான் மட்டும் என்ன ஒழுங்கு, தலையில் தோல் தொப்பி, இடுப்பில் எட்டு முழ வேட்டி, ஆடுகள்கூட மேய்வதை நிறுத்திவிட்டு என்னைத்தான் பார்க்கின்றன.

சரக்கைப் பழிக்காமல் வாங்கினால் எங்கள் கடைவீதியில் யாருக்கும் சோறு இறங்காது. பிரமாதமான சேலை என்றால் உதட்டை இன்னும் கொஞ்சம் பிதுக்க வேண்டும், சாயம் நிற்காது என்க வேண்டும், நெய்தவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்ய வேண்டும், அப்புறம் நான் மசிய வேண்டும், இரண்டு பேரும் காபி குடிக்க வேண்டும். ஆகவே பிதுக்கினேன். “இதென்ன தம்பி, இறக்கை பூரா ஒட்டுப் போட்டிருக்கு?” “ஆமாண்ணே, போட்டிருக்கு.” “கம்பியெல்லாம் தளந்து கெடக்கே?” “கெடக்குதுண்ணே.” எஞ்சினை ஓட விட்டுக் காட்டினான், குயில் மாதிரிதான் இருந்தது என் காதுக்கு, விடுவேனா, “என்னப்பா, இழுப்பு வந்த கெழவன் கணக்கா இருமுது!” என்றேன். “அம்புட்டுத் தூரம் ஓடுன எஞ்சின், இருமத்தான் செய்யும்ணே,” என்று தரையைப் பார்த்தான். மக்கு, சுத்த மக்கு, இவனெல்லாம் வியாபாரம் செய்து எப்படி ஆலை நடத்துகிறான், நான் பாதி விலை கேட்டேன், முகத்தைக்கூடச் சுளிக்காமல் தலையை ஆட்டிப் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். திறமை, ஜனகராஜா, திறமை! என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

முதல் சவாரி ரங்கநாயகிக்கு, யானைமலையை ஒரு சுற்று, அது நான் கொடுத்த வாக்கு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் இருக்கையில் ஏறிவிட்டாள், பஸ்ஸில் இடம் பிடிப்பவள் மாதிரி. பின் இருக்கை ஓட்டுகிறவனுக்கு, உட்கார்ந்தேன். நான் சொன்ன குறையெல்லாம் கேட்டாயே, பயமாக இல்லையா என்றேன், வெள்ளைத்துரைக்குப் புரியாத எங்கள் வீட்டுப் பாஷையில். திரும்பாமலே சொன்னாள்: “அதெல்லாம் வாங்கறதுக்குச் சொல்றதுதானே? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வீட்டுல சொல்லாத குறையா? கழுத்து குட்டை, பல்லு எடுப்பு, நடை வாத்து நடைன்னு... நான் ஓடலையா இத்தனை வருஷமா?” அந்தக் குட்டைக் கழுத்து இப்போது என் கண்ணுக்கு நேரே, கனகாம்பரத்தோடு, எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது, அதைக் குறை சொன்னவர்கள் வாயில் மண்... ஆனால் அன்றைக்கு மாமனார் சும்மாவா இருந்தார், ஒவ்வொரு குறைக்கும் எகிறிக் குதித்தாரே, யார் சொன்னது எடுப்பு, விளக்கைக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேல்துண்டை உதறினாரே. நெசவாளியும் அப்படித்தான் குதிப்பான். குதிக்கக் குதிக்கத்தானே சரக்கு சுத்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

வெள்ளைத்துரை முன்னால் நின்று விசிறிக் கட்டையில் இரண்டு கையையும் வைத்துவிட்டான். “சுத்தவாண்ணே?” நான் ‘கான்டாக்ட்’ என்று ஒரு சொல் கத்த வேண்டும், அவன் சுழற்றிவிடுவான், அவ்வளவுதான் வேலை. ஒட்டு, கம்பி, இருமல்... நான் வியாபாரத்துக்குச் சொன்னேன், சும்மா சொன்னேன், சும்மாதானே சொன்னேன்? ரங்கநாயகி இருக்கை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். ஒன்றே ஒன்றையாவது இல்லை என்று சொல்லியிருக்கலாமே அவன்.