செடியிலேயே பழுத்த தக்காளி

கன்னையாவின் நாக்கு செத்துப்போன விஷயம் மணியம்மாவுக்கு ஒரு ரசத்தால்தான் தெரிந்தது. உப்புப் போட மறந்துபோன ரசம். கன்னையா அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, நாலு வாய் தின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கழுவிக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலில் ஏதாவது ஒரு நொட்டை சொல்லாமல் தட்டை விட்டு எழுந்திராத மனுஷன். அப்புறம் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து வைத்தபோதுதான் உப்பில்லாதது அவளுக்கே தெரிந்தது.

புரட்டாசியில் வந்த காய்ச்சலின் வேலை அது. காய்ச்சல் போய்விட்டது, போகிற போக்கில் ருசியையும் பசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. திருப்பதி மார்க்கெட்டில் மூட்டை தூக்கின உடம்பு, கட்டிலில் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தது. உடம்பில் ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டு எழுந்து நடமாடினால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். சாப்பிட்டால்தானே நடமாடுவதற்கு?

"இன்னாதான் வேணும் உனுக்கு? வாயத் தொறந்து சொல்லேன்யா" என்று ஒருநாள் அழாத குறையாகக் கேட்டாள்.

"ஒண்ணியும் வாணாம்மே" என்றான். அப்புறம் சுவரிடம் சொல்வதுபோல, "செடியிலியே பழுத்த தக்காளி ஒண்ணு கெடச்சா துன்னலாம்" என்றான்.

மணியம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் கேட்டது பலமனேர்த் தக்காளி.

இரண்டு பேருமே அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான். சொந்த நிலம் ஒரு சாண் கிடையாது. அவள் தக்காளி பறிக்கப் போவாள். அவன் மெட்ராஸ் லாரியில் பெட்டி ஏற்றுவான். மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் நசுங்கக் கூடாதென்று, பச்சை லேசாக மஞ்சள் கட்டும்போதே காயைப் பறித்துவிட வேண்டும். "பண்டு வத்து! தோரகாய் கோய்!" என்று வரப்பில் நின்று தெலுங்கில் கத்துவார் மேஸ்திரி. பழம் வேண்டாம், அரைக்காயைப் பறி என்று அர்த்தம். தப்பித்தவறிச் செடியில் பழுத்துப்போனதெல்லாம் கூலிக்காரர்களுக்கு. அப்படி ஒரு பழத்தைத்தான் கன்னையா ஒருநாள் இரண்டாகப் பிட்டு, பாதியை அவளிடம் நீட்டினான். கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகு வந்தது; திருப்பதிக்குக் குடிவந்தது அதற்கும் பிறகு.

அதைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் மணியம்மா அடிக்கவே வந்துவிடுவாள். முதுகு விட்டுப்போகும், செடியின் பச்சைக் கறை எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. ஆனாலும் அந்தப் பாதிப் பழத்தை நினைத்தால் அவளுக்கு இன்னமும் நெஞ்சு இனிக்கிறது. என்ன செய்ய?

இத்தனை காலம் தக்காளி பறித்தவளுக்கு ஒரு செடி வளர்ப்பது பெரிய காரியமா என்று மிதப்பாகத்தான் இருந்தாள். அங்கேதான் சறுக்கியது. விதை போட்டதும் உரம் வைத்ததும் யாரோ. அவளுக்குத் தெரிந்தது களை எடுப்பதும் காய் பறிப்பதும் மட்டும். மகள் சிவசங்கரி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவள். வழியில் விதைப் பாக்கெட்டும் காலி பெயிண்ட் பக்கெட்டுகளும் வாங்கிவந்து கொடுத்தாள். வாடகை வீட்டு மொட்டைமாடியில் அவற்றை வரிசையாக வைத்து, கைக்குழந்தைக்கு ஊற்றுவதுபோல வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினாள் மணியம்மா. நாற்றெல்லாம் மஞ்சளாகித் தலை சாய்ந்தது.

"யம்மா, பக்கெட்டுக்கு அடியில ஓட்ட போட்டியா?" என்றாள் சிவசங்கரி.

"ஓட்ட போட்டா ஊத்துற தண்ணியெல்லாம் ஒழுகிப்பூடுமேடி!"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சி ஓட்டை போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இந்த முறை செடி பிழைத்தது. பொங்கல் கழிந்து பூ விட்டது, பிஞ்சு பிடித்தது. "காய் வந்துக்கீதுயா, கோலிக்குண்டு மாரி!" என்று கீழே ஓடிவந்து சொல்வாள். "ம்" என்பான் கன்னையா. சோறு மட்டும் தட்டில் பாதி மீந்தபடியே இருந்தது. கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பழம் பழுக்கிற வரை இந்த மனுஷன் தாங்குவானா என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் காலையில், சாய்ந்த கிளைகளைக் கயிறு போட்டுக் கட்டலாம் என்று மாடிக்குப் போனாள். இளவெயில் முதுகில் சுகமாக விழுந்தது. தக்காளி இலை வாசனை மூக்கில் ஏறியதும் மனசு எங்கோ பலமனேருக்குப் போய்விட்டது. கூடப் பறித்த பெண்கள், அவர்களின் கேலி, தூரத்தில் பெட்டி தூக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிற கன்னையா. சுயநினைவு வந்தபோது முந்தானை கனத்தது. குனிந்து பார்த்தாள். மஞ்சள் கட்டின காய் அத்தனையும் மடியில் கிடந்தது. ஒரு காம்பு பிசகாமல் திருகிப் பறித்திருந்தது, அவளுடைய பாழும் கை. செடியில் மிஞ்சியது நாலைந்து பச்சைப் பிஞ்சுகள்தான்.

"வச்சா பழுத்துடுமேமா" என்றாள் சிவசங்கரி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

"அது பழுக்கறதில்லடி. செவக்கறது."

தப்புச் செய்த பிள்ளைபோல மடியோடு போய்க் கட்டிலருகே நின்றாள். "யோவ், பறிச்சிட்டேன்யா. எல்லாத்தியும் பறிச்சிட்டேன்."

கன்னையா திரும்பினான். ஒரு காயை எடுத்து, லாரிப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோலவே திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் உதடு கோணியது. "ஏமே, மெட்ராசுக்கு லோடு ஏத்தறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று. அப்புறம் கட்டிலின் விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்தான்.

"எங்கயா போற?"

"மாடிக்கு. மிச்சம் கீறதயாவது உன் கைலேர்ந்து காப்பாத்த வாணாமா?"

சுவரைப் பிடித்து, படிக்குப் படி மூச்சு வாங்கி ஏறினான். அன்றிலிருந்து அதுதான் அவனுக்கு உத்தியோகம். காலையில் ஏறி, ஸ்டூல் போட்டுச் செடிக்குக் காவல் உட்கார்ந்துவிடுவான். மாசி வெயிலில் ஒரு காய் மஞ்சள் கட்டியது. பக்கத்தில் நின்ற மணியம்மாவின் கை தானாக எழுந்தது. "வத்து!" என்று மேஸ்திரி குரலில் ஒரு அதட்டல் போட்டான். கையை இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் அது பழுத்தது. செடியிலேயே, காம்புவரை சிவந்து பழுத்தது. கன்னையாவே பறித்தான்; துடைக்கக்கூட இல்லை, அப்படியே கடித்தான். சாறு முழங்கைவரை வழிந்தது. மணியம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிதானமாக மென்று விழுங்கினான்.

"இன்னாயா?"

"பலமனேர்ப் பழம் மாரி இல்லமே" என்றான் முகத்தைச் சுளித்து. "புளிப்பு தூக்கலா கீது. தோலு வேற தடிப்பு. எருவு போட்டியா இல்லியா நீ?"

மணியம்மாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எத்தனை குடம் தண்ணீர் சுமந்திருக்கிறாள் இந்தப் படியில்! நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது: புரட்டாசிக்குப் பிறகு அவன் சொன்ன முதல் நொட்டை அது. அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அட, இன்னாமே இது? புளிக்குதுன்னு சொன்னதுக்கா அழுவுற?"

"இன்னொரு தபா சொல்லுயா" என்றாள் மணியம்மா.