நனைக்காத செங்கல்

பல்கலைக்கழகத்துச் சோதனைக்கூடத்தில் ஒரு சுவர் கட்டித் தரச் சொல்லி, பேராசிரியர் ஷென் என் வீட்டுக்கே வந்தார். தைவானில், அதுவும் எங்கள் தைனான் நகரத்தில் கொத்தனாருக்கா பஞ்சம்? எண்பத்தேழில் நான் கட்டிய பள்ளிக்கூடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு அதே கை வேண்டுமாம்.

“அன்னைக்கு எப்படிக் கட்டினீங்களோ, அப்படியே கட்டுங்க மேஸ்திரி. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்,” என்றார் அந்த அம்மாள்.

தலையாட்டினேன். ஆனால் முப்பது பேர் பார்க்கப் போகிற சுவராயிற்றே! செங்கல்லை முதல் நாளே தொட்டியில் ஊறப்போட்டேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இண்டு இடுக்கு விடாமல் கலவையைத் திணித்தேன். என் மனைவி சியூ-இங்தான் எப்போதும்போலச் சித்தாள்.

“ஸ்கூல்ல எங்கய்யா ஊறப்போட்டோம்?” என்றாள்.

“வாயை மூடிக்கிட்டுக் கலவையக் குடு.”

ஊறாத செங்கல் கலவையிலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு இரண்டும் ஒட்டாது. இது எனக்குத் தெரியாததல்ல. அந்த வருஷம் தண்ணீர்த் தட்டுப்பாடு. பள்ளி திறக்கும் நாளும் நெருங்கிவிட்டது, கான்டிராக்டர் கழுத்தில் கத்தி வைத்தார். காய்ந்த கல்லையே அடுக்கி, மேலே பூச்சு பூசி மறைத்தோம். பூசிவிட்டால் எல்லாச் சுவரும் ஒரே அழகுதான்.

ஒரு மாதம் கழித்துச் சோதனை. இயந்திரம் சுவரின் தலையைப் பிடித்து, நீளவாக்கில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளி இழுத்தது. பன்னிரண்டு டன்னில் உடையும் என்று நினைத்திருந்தார்கள். பத்தொன்பது வரை நின்றது. அதற்குப் பிறகுதான் மூலைக்கு மூலை, பெருக்கல் குறி மாதிரி, செங்கல்லையே பிளந்துகொண்டு விரிசல் விட்டது. மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“இவ்வளவு தாங்குதுன்னா அந்த ஸ்கூலைப் பலப்படுத்தவே வேண்டாம் மேஸ்திரி. நாளைக்கே எழுதி அனுப்பிடுறேன்,” என்றார் ஷென்.

மதியம் பன்றி வறுவலோடு சாப்பாட்டுப் பெட்டி கொடுத்தார்கள். மூடியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். அறுநூறு பிள்ளைகள் அந்தச் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிறார்கள். என் வறட்டு ஜம்பத்துக்கு அவர்களையா பலி கொடுப்பது?

“சாப்பிடுய்யா. மலையப் பேத்த ஆளு நீ,” என்று குத்தினாள் சியூ-இங்.

எழுந்து போய் ஷென்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

திட்டியிருந்தால் தேவலை. “வாங்க, போய்ப் பாத்துருவோம்,” என்று மட்டும் சொன்னார். பள்ளியின் மாடிப்படிக்குப் பின்னால் உளியால் பூச்சைத் தட்டினேன். ஒரு செங்கல்லை விரலால் ஆட்டியதும் கையோடு வந்துவிட்டது. துளிக் கலவைகூட ஒட்டாமல், அன்றுதான் சூளையிலிருந்து இறக்கியதுபோல இருந்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

“இன்னொரு சுவர் கட்டணும். இதே மாதிரி,” என்றார்.

கட்டினேன். தெரிந்தே மோசமாகக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. கை தானாக இடுக்கை அடைக்கப் போகும், சியூ-இங் தட்டிவிடுவாள். அந்தச் சுவர் ஏழு டன்னிலேயே விட்டுக்கொடுத்தது. ஒரு செங்கல்கூட உடையவில்லை. இணைப்பு வழியாகப் படிக்கட்டுபோல விரிந்து, மேல் பாதி அப்படியே வழுக்கிப் போயிற்று.

கோடை விடுமுறையில் பள்ளியைப் பலப்படுத்தப் பரிந்துரைப்பதாகச் சொன்னார் ஷென். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

“அந்த வருஷம் வேற எங்கெல்லாம் இப்படிக் கட்டினீங்க?”

“சந்தை மேல்மாடி. கோயில் தெருவுல ஆறு வீடு. ஒரு பிரசவ ஆஸ்பத்திரி…”

எழுதிக்கொண்டே கேட்டார். “உங்க வீடும் அந்த வருஷம் கட்டினதுதானே?”

நான் குனிந்து சிதறிய கலவையைப் பொறுக்க ஆரம்பித்தேன். பொய் சொல்லத் தெரியாத சியூ-இங்தான் சொன்னாள்.

“எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது மேடம். அதுக்கு மட்டும் கால் மைல் தண்ணி சுமந்து வந்து ஊறப்போட்டோம்.”