தலைக்கு நாற்பது பவுன்

1

நியூசிலாந்தின் வாங்கனூயியில் நாங்கள் இறைச்சி வாங்கும் கடையின் வரிசையில்தான் இந்தக் கதை கிடைத்தது. முன்னால் நின்ற பெண் சொன்னார்: “எங்க பூட்டன் ஒரே ஒரு ஓட்டுப் போட்டு மகளைத் தொலைச்சவரு.” அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. மீதியை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2

‘1869இல் சாம்ராஜ்யத்தின் இராணுவக் கொள்கையானது’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன். அந்த வாக்கியத்தில் யாருக்கும் பசிக்கவில்லை.

மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை மதியம். சட்டசபை உறுப்பினர் ஆம்புரோஸ் டல்க் சுட்ட ஆட்டுத்தொடையை அறுக்கிறார். எதிரே மகள் டார்கஸ், மருமகன் மலாக்கி. மலாக்கி அயர்லாந்துக்காரன், ராணியின் பட்டாளத்தில் கார்ப்பரல். பட்டாளம் இங்கே இருக்க வேண்டுமானால் சிப்பாய்க்கு வருடம் நாற்பது பவுன் பணம் நியூசிலாந்துக் காலனி அரசாங்கம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கப்பலேற்றிவிடுவோம் என்று லண்டன் சொல்லிவிட்டது.

“உங்க ஓட்டு எந்தப் பக்கம்ப்பா?”

“கட்டக் கூடாதுன்னுதான். மாவோரி ஜனங்களோட நிலச் சண்டையை இழுத்தது கவர்னர். அவரை அனுப்பினது லண்டன். பில்லு மட்டும் நம்ம தலையிலயா?”

“இவர் போனா நானும் போகணும்.”

“விடு டார்கஸ்,” என்றான் மலாக்கி. “நாற்பது பவுனுக்கு நான் தேறுவேனான்னு மாமா பார்க்கறாரு.”

“நீ திங்கற கறிக்கே அது பத்தாதுடா.”

டார்கஸ் மட்டும் சிரிக்கவில்லை.

(முதல் வரைவில் ஆம்புரோஸைக் கஞ்சனாக எழுதியிருந்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அவருக்குப் பொருந்தவில்லை.)

3

ஆற்றின் மேல்பக்கம் மாவு மில் வைத்திருந்த ஹோஹெப்பா ஆம்புரோஸின் பழைய சிநேகிதர். அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி. அவருடைய உறவுக்காரர்களின் நிலத்தை அரசாங்கம் பறித்திருந்தது.

“எங்க நிலத்தைப் பிடுங்கினவனுக்குக் கூலி யார் குடுக்கறதுன்னு உங்களுக்குள்ள சண்டை,” என்றார் அவர். “நல்லா இருக்குய்யா.”

ஆம்புரோஸ் பதில் சொன்னதாக ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன்.

அன்று மாலை மருமகனிடம் போனார். “பட்டாளத்தை விட்டுட்டு இங்கயே இரேன்டா.”

“இன்னும் மூணு வருஷத்துல பென்ஷன், மாமா. அதை விட்டா அயர்லாந்துல, கார்க்ல இருக்கற எங்கம்மாவுக்குக் கஞ்சி ஏது?”

ஆம்புரோஸ் தலையாட்டினார். பிறகு சபைக்குப் போய், கட்டக் கூடாது என்றே ஓட்டுப் போட்டார்.

4

துறைமுகத்துக்கு மகளின் பெட்டியை அவரே தூக்கி வந்தார். பட்டாளம் போவதால் பயந்துபோயிருந்த ஊர்க்காரன் ஒருவன் கத்தினான்: “பட்டாளத்தை விரட்டினவரு வழியனுப்ப வந்துட்டாரய்யா!”

மலாக்கி திரும்பினான். “எங்க மாமாவைத் திட்ட எனக்கு மட்டும்தான்டா பாத்தியதை!”

அப்போதுதான் டார்கஸ் சிரித்தாள். அழுதுகொண்டே.

அவள் போனாள், கார்க்கில் வாழ்ந்தாள், திரும்பி வரவேயில்லை. அதை மாற்ற எனக்கு உரிமையில்லை. கப்பல் பலகையில் ஏறும் முன் அவள் கேட்டதை மட்டும் நான் எழுதினேன்:

“இன்னொரு தடவை கேட்டாலும் அப்படித்தான் போடுவீங்களாப்பா?”

‘ஆமாம்’ என்று எழுதிப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ‘இல்லை’ என்று எழுதினேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், கயிற்றை அவிழ்க்கிறார்கள்.